நான்காம் விதியின் மேல் சேறு

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பொழுதுபோக்காக நண்டு பிடிப்போம். செவ்வாய்க்கிழமைகளில் நண்டுகள் பொழுதுபோக்காக எங்களைப் பிடிக்கும். இரண்டு தரப்புக்கும் விதிகள் ஒன்றுதான். நெடுங்கழிப் படகுத்துறையில் ஒரு நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஏழு விதிகளும் இருக்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் அதற்கு வண்ணம் அடிப்பது பஞ்சாயத்தின் வேலை. எழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. என் பெயர் அமலோற்பவம். பதினோரு ஆண்டுகளாக நான் இந்தத் துறையின் அளவர்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்கள் உப்பங்கழிக்கு வந்து வலையும் கூடும் போடுவார்கள். நான்கு மணிக்குள் பிடித்ததை என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். நான் பித்தளை அளவுகோலை நண்டின் முதுகில் குறுக்காக வைப்பேன். ஆறு அங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சின்ன நண்டுதானே ருசி, ஏன் விடுகிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை நூற்றுப்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாலரை அடிக்குக் குறைந்த யாரையும் நண்டுகள் வைத்துக்கொள்வதில்லை. அதுதான் காரணம்.

கூட்டில் போட்டவரின் பெயர் எழுதிக் கட்டியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. பெயர் இல்லாத கூடு ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆறு வருடமாக இருக்கிறது. ஓவிய ஆசிரியர் குழந்தைசாமி அதற்குள் இருக்கிறார். யார் போட்டது என்று தெரியாததால் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை. அவர் வீட்டம்மா இரண்டு வேளையும் இடுக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்கிறார். அந்த விதி அதற்குப் பிறகு வந்தது.

மூன்றாவது விதி, ஓடு கழற்றி மூன்று நாள் ஆகாத நண்டை எடுக்கக் கூடாது. அந்த மூன்று நாளும் அதன் உடம்பு பிசைந்த மாவு போல இருக்கும். மனிதர்களில் யார் ஓடு கழற்றியவர் என்று தீர்மானிப்பது அந்தப் பக்கத்து அளவரின் பொறுப்பு. துக்க வீட்டுக்காரர்களை அவர்கள் விட்டிருக்கிறார்கள். இருபது வருட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவரையும் விட்டிருக்கிறார்கள். அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. எங்களுக்கு ஆளுக்கு நான்கு நண்டு, ஒரு ஞாயிறுக்கு. அவர்களுக்கு ஊர் முழுவதற்குமாக மூன்று பேர், ஒரு வருடத்துக்கு. அவர்கள் ஏராளம், நாங்கள் கொஞ்சம் என்பதால் இந்தக் கணக்கு. பெரும்பாலும் அவர்கள் பிடித்து, அளந்து, விட்டுவிடுவார்கள். இந்த வருடம் இரண்டு பேரை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் சைக்கிள் கடை சவரிராயன், மார்ச்சில் தையல் வகுப்பு எடுத்த பிலோமினா. சவரிராயனுக்கு இரையாகக் கூட்டுக்குள் நிழலில் ஒரு சாய்வு நாற்காலியும், யாரும் தொடாத குறுக்கெழுத்துப் போட்டியும் வைத்திருந்தார்கள். அவர் பேனாவோடு போனார்.

இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது.

நான்காவது விதி சினை நண்டைப் பற்றியது. வயிற்றில் முட்டையோடு இருக்கும் நண்டை எடுக்கக் கூடாது. முட்டையைச் சுரண்டிவிட்டு வெறும் பெண் நண்டு போலக் காட்டவும் கூடாது. இதற்கு எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்டதில்லை. ஏழாவது விதி கடைசி விதி. ஒரு தரப்பு எந்த விதியை மீறுகிறதோ, அடுத்த முறை மறுதரப்புக்கு அந்த விதி கிடையாது. அந்த ஒரு நாளுக்கு மட்டும்.

என் தம்பி பெர்க்மான்ஸ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் மனைவி ரெஜினாவுக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம் முடிகிற நேரம். பெர்க்மான்ஸ் இரண்டு வார விடுப்பில் வந்திருந்தான். ரெஜினா எதைச் சாப்பிட்டாலும் பாதியில் வைத்துவிடுவாள். நண்டுச் சாறு என்றால் குடிப்பேன் என்று சனிக்கிழமை சொன்னாள்.

ஞாயிறு அன்று எல்லோருக்கும் நண்டு விழுந்தது. பெர்க்மான்ஸுக்கு மூன்றரை மணி வரை ஒன்றும் இல்லை. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு நண்டோடு வரிசையில் வந்து நின்றான். நான் அதை மல்லாத்தினேன். அகலமான வயிற்று மடிப்பு, பெண் நண்டு. மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே படிந்து கிடக்க வேண்டிய முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மூன்று முட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருந்தன. பெர்க்மான்ஸின் சட்டைப் பையில் பல் விளக்கும் பிரஷ் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். நான் கட்டைவிரலை அந்த மூன்று முட்டைகளின் மேல் வைத்தேன்.

"ஆறேகால்," என்றேன். "எடுத்துட்டுப் போ."

அன்று மாலை ரெஜினா இரண்டு கிண்ணம் சாறு குடித்தாள். கொடுக்குகளை உடைத்து உறிஞ்சினாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் துறைக்குப் போனபோது பலகையின் நான்காவது வரியில் சேறு பூசியிருந்தது. மற்ற ஆறு வரிகளும் சுத்தமாக இருந்தன. பலகைக் காலில் நண்டு ஏறி இறங்கிய தடம் இருந்தது. செவ்வாய் பொழுது சாயும் வரை அந்தச் சேற்றைக் கழுவக் கூடாது.

ஊரில் ரெஜினாவைத் தவிர இன்னும் இரண்டு கர்ப்பிணிகள் இருந்தார்கள். இருவரும் ஏழே கால் பஸ்ஸில் தாய் வீட்டுக்குப் போனார்கள். யார் மீறியது என்று பஸ் நிறுத்தத்தில் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பது அளவரின் வேலை. ஒருத்தியின் மாமியார் மட்டும் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுப் பொண்ணு எப்போ கெளம்புது?" என்று கேட்டார்.

ரெஜினா கிளம்ப முடியாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பஸ்ஸிலோ காரிலோ ஏறினால் உதிரப்போக்கு வந்துவிடும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"யாரு அண்ணி மீறினது?" என்றாள்.

பெர்க்மான்ஸ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "நான்தான்," என்றான்.

"நேத்து நான் சாப்பிட்டதா?"

"ஆமா."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றும் இல்லை. "அதுல எத்தனை முட்டை இருக்கும் அண்ணி?"

"பத்து லட்சம் இருக்கும். கூடவும் இருக்கலாம்," என்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று அவனிடம் கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருக்க மாட்டே."

"அதுக்குத்தானே சொல்லணும்."

கட்டைவிரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. அன்று முழுவதும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கழியில் நீர் ஏறும். அதோடு கூடுகளும் தெருவுக்கு வரும். நீர் வடியும் நான்கு மணிக்கு அவர்களுடைய நாள் முடியும். அந்த ஏழு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் கூட்டை நோக்கிப் போகிறவரைக் கையைப் பிடித்து இழுக்கவோ, வழியை மறிக்கவோ கூடாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டுக்குள் நுழைகிற நண்டை மற்ற நண்டுகள் பிடித்து இழுப்பதில்லை. இது ஆறாவது விதி.

பத்தரை மணிக்குக் கூடு வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் நின்றது. அலையாத்தி வேர்களைப் பின்னிச் செய்த கூடு, ஓர் அறை அளவு இருக்கும். வெளிப்பக்கம் வாய் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகியும் இருந்தது. வலது மூலையில் சொந்தக்காரரின் அடையாளம் மூன்று கீறல்களாக இருந்தது. எல்லாம் விதிப்படி இருந்தது.

ரெஜினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூட்டுக்குள் ஈர மணலால் ஒரு படுக்கை போட்டிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு குழி. ஏழு மாத வயிறு உள்ளே இறங்குகிற அளவுக்கு, விளிம்பு மழமழப்பாக, வட்டமாகத் தோண்டியிருந்தார்கள்.

மூன்று மாதமாக அவள் கேட்டது அது ஒன்றுதான். இடது பக்கம் படுத்தால் இடுப்பு வலிக்கும். வலது பக்கம் படுத்தால் மூச்சு முட்டும். "ஒரே ஒரு தடவை குப்புறப் படுத்தாப் போதும் அண்ணி," என்று தினமும் சொல்வாள்.

பெர்க்மான்ஸ் ஜன்னலில் போர்வையைக் கட்டினான்.

"அதை எடுங்க," என்றாள் ரெஜினா. "பாக்கறதுல என்ன இருக்கு."

அவன் எடுத்துவிட்டான். பிறகு வீட்டில் இருந்த தலையணைகளை எல்லாம் வட்டமாக அடுக்கி நடுவில் இடம் விட்டான். அவள் மெதுவாகக் கவிழ்ந்து பார்த்தாள். தலையணைகள் விலகிக்கொண்டன. இரண்டாம் முறை கயிற்றால் கட்டினான். கயிறு வயிற்றில் உறுத்தியது. பன்னிரண்டு மணிக்கு அவள் சாப்பாட்டை வேண்டாம் என்றாள். ஒரு மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்றாள்.

பெர்க்மான்ஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். அங்கே ஒரு குழி தோண்டிவிடலாம் என்று நினைத்தான். எங்கள் கொல்லை களிமண். மண்வெட்டி ஒவ்வொரு முறை விழும்போதும் கல்லில் விழுவது போலச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரெஜினா வாசலுக்கு வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் படுத்துட்டு வந்துடறேன் அண்ணி."

"ரெஜினா, அது கூடு."

"தெரியும்."

"உள்ள போனா திரும்பி வர முடியாது."

"தெரியும் அண்ணி. முதுகு முறியுது. நகருங்க."

என் கைகளை நான் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளைத் தொட்டால் ஆறாவது விதி போய்விடும். அடுத்த செவ்வாய் அவர்கள் யாரை வேண்டுமானாலும் கையைப் பிடித்துக் கூட்டுக்குள் இழுக்கலாம். நான் நகர்ந்தேன்.

அவள் தெருவைக் கடந்து, குனிந்து, கூட்டுக்குள் போனாள். மணலில் முழங்கால் ஊன்றிக் கவிழ்ந்தாள். வயிறு குழியில் சரியாக இறங்கியது. அவளிடமிருந்து வந்த பெருமூச்சு எனக்கு வாசலில் கேட்டது. இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பின்னால் நுழைந்தேன். ஒரே இடம்தான் மிச்சம். என்னை அளந்து வைத்துக்கொண்டால் அவளை விட்டுத்தான் ஆக வேண்டும்.

பெர்க்மான்ஸ் கையில் களிமண்ணோடு ஓடிவந்தான். வேர்களைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நானும் வரேன்," என்றான்.

"வேணாம். நீ உள்ள வந்தா யாரை எடுக்கறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. வெளியில இரு."

அவன் தெருவிலேயே உட்கார்ந்தான்.

இரண்டரை மணிக்கு அவர்கள் கூட்டைப் பார்க்க வந்தார்கள். பதினோரு பேர். முன்னால் வந்தது கூட்டின் சொந்தக்காரர். தட்டு அளவு ஓடு, கறுப்புக் கொடுக்கு. அவருக்குப் பின்னால் அளவர். அவரை எனக்குத் தெரியும். இடது கொடுக்கு கொஞ்சம் குட்டை. ஒவ்வோர் அமாவாசையும் துறையின் கடைசிப் படியில் இருவரும் எங்கள் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் வெட்டுக்குறி போட்ட ஒரு நாணலை வைத்திருந்தார். என் பாதத்தில் தொடங்கித் தோள் வழியாக உச்சி வரை ஏறினார். ஐந்தடி இரண்டு அங்குலம். இறங்கி மணலில் ஒரு கோடு போட்டார். ஒரு கோடு என்றால் விடுவது. இரண்டு கோடு என்றால் வைத்துக்கொள்வது. அவர் இரண்டாவது கோட்டுக்குக் காலைத் தூக்கியபடி சொந்தக்காரரைப் பார்த்தார். சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருந்த ரெஜினாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவசரப்பட்டேன்.

"என்னைத்தான் எடுத்துக்கணும்," என்றேன். "தப்பு என்னோடது. சினையைத் தேய்ச்சது எனக்குத் தெரியும். மூணு முட்டை ஒட்டியிருந்தது. கட்டைவிரலால மூடிட்டு அளவு சொன்னேன். என் தம்பிங்கறதால சொன்னேன்."

வேர்களுக்கு வெளியே பெர்க்மான்ஸ் என்னைப் பார்ப்பது தெரிந்தது. அதுவரை அவனுக்குத் தெரியாது.

அளவர் காலை இறக்கவில்லை. அவருடைய ஒரு கண் என் பக்கம் இருந்தது. இன்னொரு கண் ரெஜினாவின் பக்கம் திரும்பியது. பிறகு என் முன்கையில் கொடுக்கின் நுனியை வைத்து அழுத்தினார். நுனி உள்ளே இறங்கியது. எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் பள்ளம் விழுந்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறுக்கினேன். "இப்போ அழுத்திப் பாருங்க," என்றேன்.

அவர் பார்க்கவில்லை. ஒற்றைக் கோட்டை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார். நான்கு பேர் வேர்களை விலக்கி என்னைத் தெருவுக்குத் தள்ளினார்கள். மறுபடி நுழையப் போனேன். ஓடு கழற்றியவர்கள் நுழைய முடியாதபடி வாயைச் சுருக்கிவிட்டார்கள்.

ரெஜினாவை எழுப்பினார்கள். அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து நேராக நின்றாள். அவள் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். அளவுகோலே தேவையில்லை. பெர்க்மான்ஸ் அவள் பெயரை ஒரு முறை சொன்னான். அவள் இங்கே பார்க்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றின் அடியில் இருந்தன. நான்காம் விதி இல்லாத நாளில் சொந்தக்காரர் அவளை வைத்துக்கொள்ளலாம். சுரண்டிவிட்டு விடவும் செய்யலாம். அவருடைய கறுப்புக் கொடுக்கு திறந்து மூடியது.

அளவர் ரெஜினாவின் காலில் ஏறினார். முழங்காலில் நின்றார். நாணலின் அடியை அங்கே ஊன்றி, மேலே நிமிர்த்தினார்.

சொந்தக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். மற்றவர்களின் கொடுக்குகள் ஒன்றோடொன்று உரசின. நாணல் அசையவில்லை. தெருமுனையில் நீர் வடியத் தொடங்கியிருந்தது. அளவில் சந்தேகம் இருந்தால் சொந்தக்காரர் கொடுக்கைத் தூக்கி மறு அளவு கேட்கலாம். அவர் தூக்கினார். பாதி வரை தூக்கினார். அளவர் முழங்காலிலிருந்து இறங்காமல் அவரைப் பார்த்தார். அவர்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. கொடுக்கு கீழே இறங்கியது.

அளவர் ஓட்டுச் சில்லில் அளவைக் கீறினார். மூன்றே முக்கால் அடி. மணலில் ஒரு கோடு போட்டார். அளவர் கீறியது கீறியதுதான். அதை அவரே மாற்ற முடியாது.

கூட்டின் வாய் விரிந்தது. ரெஜினா வெளியே வந்தாள்.

"நல்லாத் தூங்கினேன் அண்ணி," என்றாள்.

அவர்கள் கூட்டைத் தூக்கிக்கொண்டு நீரோடு போனார்கள். அளவர் கடைசியாகப் போனார். பொழுது சாய்ந்ததும் நான் ஒரு சொம்புத் தண்ணீரில் நான்காம் வரியைக் கழுவினேன். பித்தளை அளவுகோலைப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டு, என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் என் கையில் இருந்த பள்ளங்களைப் பார்த்துவிட்டு, "மூணு நாள் வெயில்ல நிக்காதீங்க," என்றார்.

திரும்பி வந்தபோது ரெஜினா வாசலில் நின்றிருந்தாள். புடவைக் கரை சேற்றில் ஒரு முழம் இழுபட்டிருந்தது. கதவின் மேல் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் திறந்துவிடுங்க அண்ணி," என்றாள்.

திறந்தேன். அவள் தலை என் விலா வரை இருந்தது, அளவர் கீறிய அதே மூன்றே முக்கால் அடி. வயிறு மட்டும் அதே அளவில் இருந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பெர்க்மான்ஸ் அவளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். பரணில் இருந்த ரம்பத்தை எடுத்தான். கட்டிலைச் சாய்த்து நான்கு கால்களையும் அறுத்து நிமிர்த்தி வைத்தான். ரெஜினா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பாதம் தரையைத் தொடவில்லை.

"இன்னும் ஒரு அங்குலம்," என்றாள்.

அவன் மறுபடி கட்டிலைச் சாய்த்தான்.